கதிரிலேயே விட்டு வைத்த தானியம்

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் செல்லும் மலைப்பாதையில் அமைந்துள்ளது கொட்டச்சேடு. சேர்வராயன் மலையின் ஏனைய சிற்றூர்களைப் போன்றே இவ்வூரும் காப்பியை நம்பி வாழ்வது. 1820ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் கொண்டுவந்த காப்பிச் செடிதான் இன்றளவும் இங்குள்ளோரின் வரவு செலவை நிர்ணயிக்கின்றது. கார்த்திகை தொடங்கித் தை வரையில் பழம் பறிக்கும் காலம்; அப்போது கூலிக்காரர் கையிலும் கடைக்காரர் கல்லாவிலும் பணம் புழங்கும். பின்னர் கோடையில் மழை பெய்து, செடி பூத்து, காய்த்து, மீண்டும் கனியும் வரையில் நெடிய காத்திருப்பு. வரவு சில மாதங்களில். வயிற்றுக்கோ பன்னிரு மாதங்களிலும் பசி!

மலையில் மட்டுமன்று, சமவெளியில் வியாபாரம் செய்வோருக்கும், வெளிநாட்டுச் சம்பளத்தை எதிர்நோக்கும் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். இத்தகையோருக்கென்றே அமைந்தாற்போல் திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தில் ஒரு பாடம் உண்டு.

எகிப்து மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் கூறிய யூசுஃப் நபி (அலை) அவர்கள், வரவிருக்கும் பஞ்சத்தை அறிவித்ததோடு நின்றுவிடவில்லை, வழியையும் காட்டினார்கள். ஏழாண்டுகள் தொடர்ந்து பயிரிட வேண்டும். அறுத்ததில் உண்பதற்குரிய சிறிதளவைத் தவிர எஞ்சியதைக் கதிரிலேயே விட்டு வைக்க வேண்டும். அடுத்து வரும் ஏழு கடின ஆண்டுகளில் அதனை உண்ண வேண்டும். அப்போதும் சிறிதளவைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது (12:47, 48) அவர்களுடைய யோசனையின் கருத்தாகும்.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, செழிப்பான காலத்திலேயே சேமிப்பு தொடங்கிவிடுகின்றது. உண்டது போக மிஞ்சினால் பார்ப்போம் என்று விடாமல், உண்ணும் பங்கையே முதலில் வரையறுத்துவிடுகின்றார்கள். இரண்டாவது, கதிரிலுள்ள தானியம் கெடாது. அத்துடன், அடித்துத் தூற்றிய பின்னரே அடுப்புக்கு வரும். சேமித்த பணமும் நினைத்த மாத்திரத்தில் கைக்கெட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். சட்டைப் பையிலுள்ள பணம் சேமிப்பாகாது. மூன்றாவது, பஞ்சத்திலும் விதைக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படுகின்றது. வருமானம் குறைந்த மாதத்தில் பத்து ரூபாயேனும் எடுத்து வைத்தால்தான் பழக்கம் அறுபடாதிருக்கும்.

நாளைக்கென்று சேர்ப்பது இறைநம்பிக்கைக்கு மாறானதன்றோ எனச் சிலர் ஐயுறலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவைச் சேமித்து வைத்தார்கள் என்பது புகாரியில் காணப்படும் செய்தி. தவக்குல் என்பது முயற்சிக்குப் பின் வருவது. முயற்சிக்குப் பதிலாக வருவதன்று. ஆனால், சேமிப்பு கஞ்சத்தனமாகிவிடவும் கூடாது. அதற்குக் காவலாகவே ஜகாத் வந்தது. நிஸாபு அளவை எட்டி ஓராண்டு நிறைந்த பொருளில் நூற்றுக்கு 2½ பங்கு ஏழைகளுக்குரியது. அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுமாறு ஏவிய இறைவன், அதே வசனத்தில் (6:141) வீண்விரயத்தையும் தடுத்துள்ளான்.

மலாயாவில் ஒரு காலத்தில் கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்கான பணத்தை வட்டிக்கு அஞ்சி வீட்டிலேயே ஒளித்து வைத்தனர். போதாதபோது நிலத்தையும் மாட்டையும் விற்றுப் புறப்பட்டவர்கள், திரும்பி வந்து வறுமையில் உழன்றனர். இதனைக் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், 1959இல் வட்டியில்லாச் சேமிப்புத் திட்டமொன்றை அரசுக்கு அளித்தார். அதன் விளைவாக 1963இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய தாபூங் ஹாஜி. முதலாண்டில் 1,281 பேர், 46,600 வெள்ளி. சராசரியாகத் தலைக்கு 40 வெள்ளிகூட இல்லை! இன்று பல இலட்சம் பேர் அதில் சேமிக்கின்றனர். சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் இல்லங்களிலும் இதற்கு வழியுண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இடுவது நம் பாட்டிமார்களின் வழக்கம். அன்றாடம் வெளியே செலவாகும் தேநீரிலும் தின்பண்டத்திலும் 20 ரூபாயைக் குறைத்தால் ஆண்டுக்கு 7,300 ரூபாய் கையில் நிற்கும். பண்டங்களை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வதும், கடன் கணக்கில் வாங்காமல் ரொக்கத்திற்கு வாங்குவதும் வீண் செலவைத் தடுக்கும். பெண்கள் தம்முள் சமமாகப் பணம் போட்டு, முறைவைத்து முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு, வட்டியற்றது; தள்ளுபடி கூறி எடுக்கும் ஏலச்சீட்டு அத்தகையதன்று.

எனினும், அரிசியில் மிச்சம் பிடித்து ஆடம்பரக் கல்யாணத்தில் கரைப்பதால் பயனென்ன? ஊர் மெச்ச ஒருநாள் விருந்து, அதற்காக அடகுக் கடையில் நகை, அந்நகையை மீட்க வட்டிக்குக் கடன் என்று எத்தனை குடும்பங்கள் சீரழிகின்றன! அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவார்கள். இத்துணை அதிகமாக ஏன் என வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கின்றான், வாக்களித்தால் மீறுகின்றான் என்ற கருத்தில் விடையளித்தார்கள். சிந்தியுங்கள்! கடன் பணத்தை மட்டும் பறிப்பதன்று. நாவின் உண்மையையும் சேர்த்துப் பறித்துவிடுகின்றது. கடன்காரர் கதவைத் தட்டும்போது, "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" எனக் குழந்தையிடம் கூறும் தந்தை, அன்றே அதற்குப் பொய்யைக் கற்பித்தவராகின்றார். ஆகவே சிக்கனம் நம் ஈமானுக்கும் காவலாகும்.

கையைக் கழுத்தில் கட்டிக்கொள்ளாமலும், முற்றிலும் விரித்துவிடாமலும் நடுநிலை பேணுமாறு பணிக்கின்றது திருமறை (17:29). அடுத்த வருமானம் கைக்கு வரும் நாளில், கடைத்தெருவுக்குச் செல்லுமுன் ஒரு பங்கைக் கதிரிலேயே விட்டு வைப்போமாக! கடனற்ற வாழ்வையும், கொடுத்துதவும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.