சித்திரத்தில் ஒரு போர்

சித்திரக்கதை என்றாலே சிறுவர்க்குரியது என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அவ்வெண்ணத்தை மாற்ற வல்லது, 2019-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த ‘வன்னி’ என்னும் நூல். எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லின்ட்சே பொல்லாக். இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியில் இருந்தவர் டிக்ஸ். 2008 செப்டம்பரில் அச்சபையினர் மக்களை விட்டு வெளியேறினர். பின்னர், உயிர் தப்பியோர் கூறியவற்றைக் கொண்டு, ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையாக இந்நூல் உருவாயிற்று. 2004-இன் ஆழிப்பேரலையும் 2009-இல் முடிந்த போரும் இதில் கண்முன் நிற்கின்றன.

அரசுப் படையின் எறிகணைகளையும் நூல் மறைக்கவில்லை. புலிகள் பிள்ளைகளை வலிந்து படையிற் சேர்த்ததையும் மறைக்கவில்லை. அதுவே இதன் நேர்மை.

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் ஈழத்துத் துயரை அறிய இஃதொரு வாயில். கொடுங்காட்சிகள் உள்ளமையால், பெற்றோர் முதலிற் படித்து, வயதறிந்து கொடுத்து, அருகிருந்து விளக்குவாராக.