ஒப்புதல் கேட்காத விளம்பரம்

சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளை கவுன், நீலத் தலைமுடி, கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. அமுல் சிறுமியை அடையாளம் சொல்ல இதற்கு மேல் எதுவும் வேண்டாம். 1966-இல் சில்வெஸ்டர் டகுன்ஹா தலைமையிலான விளம்பரக் குழுவில் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்த அந்தச் சிறுமி, நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தையும் இன்றைய அரசியல் பரபரப்பையும் சுடச்சுட ஒரு வரியில் சொல்லிவிடுகிறாள்.

நாட்டில் எது பேசப்படுகிறதோ அதற்குள் தன் சரக்கையும் நுழைக்கும் இந்த உத்திக்கு இப்போது 'மொமென்ட் மார்க்கெட்டிங்' என்று பெயர். எல்லா நிறுவனங்களும் முயல்கின்றன; பலருக்கும் கைகூடுவதில்லை. எழுத ஆள் இல்லாததால் அல்ல. ஒரு வரி எழுதப்பட்டதும் அது மேலாளர், சட்டப் பிரிவு, தலைமை அலுவலகம் என்று படியேறி இறங்குவதற்குள் ஊர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது; வரியில் இருந்த காரமும் போய்விடுகிறது. அமுலில் இந்தப் படிகள் இல்லை. விளம்பரத்தைத் தன்னிடம் காட்டாமலே வெளியிடலாம் என்று அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் தொடக்கத்திலேயே டகுன்ஹாவுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அந்த நம்பிக்கைதான் இந்த விளம்பரத்தின் மூலதனம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், கட்டாயக் கருத்தடை நாட்டையே நடுங்க வைத்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போது பம்பாய் விளம்பரப் பலகையில் அந்தச் சிறுமி செவிலியர் உடையில், தட்டில் வெண்ணெயோடு நின்றாள். கட்டாயக் கிருமிநீக்கத்தை நாங்கள் எப்போதுமே கடைப்பிடித்து வருகிறோம் என்பது வாசகம்; ஆங்கிலத்தில் கருத்தடைக்கும் அதே சொல். யாரிடமாவது ஒப்புதல் கேட்டிருந்தால் அந்தப் பலகை எழுந்திருக்குமா? பின்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸ் வேலைநிறுத்தத்தைச் சீண்டியபோது, விளம்பரத்தை எடுக்காவிட்டால் விமானத்தில் அமுல் வெண்ணெய் தரமாட்டோம் என்று மிரட்டல் வந்தது.

ஆனால் கேலிச்சித்திரம் மட்டும் இத்தனை ஆண்டு நம்பிக்கையைச் சம்பாதித்திருக்காது. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், போல்சன் என்ற தனியார் பால் நிறுவனத்துக்குப் பால் ஊற்ற மறுத்த விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவுதான் அமுல். அந்தக் கூட்டுறவு இயக்கத்தின் கதையை ஷியாம் பெனகல் 1976-இல் 'மந்தன்' என்று படமாக்கினார். அதற்குப் பணம் போட்டவர்கள் பால் ஊற்றும் விவசாயிகளே: ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய். படம் வெளியானதும் தாங்கள் எடுத்த படத்தைப் பார்க்க லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். அந்தப் படத்தின் பாட்டு பிறகு அமுலின் தொலைக்காட்சி விளம்பரமாகவும் ஆனது. விளம்பர நிறுவனம் உட்கார்ந்து யோசித்த கதைக்கும், ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தவர்களின் கதைக்கும் உள்ள தூரம் பெரிது. வாங்குகிறவர்களுக்கு அது புரிகிறது என்றே நான் நம்புகிறேன்.

சொந்தமில்லாத கதையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் நம் கண்முன் நடந்தது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாட்மிண்டன் வீராங்கனை பி.வி.சிந்து வெண்கலம் வென்ற கையோடு, அவருக்கு ஒரு காசும் கொடுக்காத பல நிறுவனங்கள் அவர் பெயரையும் படத்தையும் போட்டுத் தங்கள் சின்னத்தோடு வாழ்த்து வெளியிட்டன. சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றது அவருடைய விளம்பர உரிமைகளைக் கவனிக்கும் நிறுவனம். வாழ்த்து என்ற பெயரில் நடந்த வியாபாரம் அது. கோபப்பட்டதில் தவறே இல்லை.

அமுலும் இதற்கு விலக்கு இல்லை. 2023 ஏப்ரலில், பெங்களூருக்குப் பாலும் தயிரும் கொண்டுவருவதாக அது ட்விட்டரில் உற்சாகமாக அறிவித்தது. கர்நாடகம் கொதித்தது. அங்கே மாநிலக் கூட்டுறவின் நந்தினி பால் இருக்கிறது. அதன் பின்னாலும் ஊர் ஊராகப் பால் ஊற்றும் விவசாயிகள் இருக்கிறார்கள். பெங்களூர் ஓட்டல்காரர்கள் சங்கம் நந்தினி பாலையே வாங்குவோம் என்றது. அடுத்த மாதமே தமிழ்நாட்டிலும் பிரச்சினை. ஆவினுக்குப் பால் வரும் பகுதிகளில் அமுல் கொள்முதல் செய்வதைத் தடுக்கக் கோரி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரியில் அமுலின் பால் குளிரூட்டும் நிலையம் அமைந்ததையும் அதில் சுட்டிக்காட்டினார். விவசாயிகளின் கூட்டுறவு என்ற பெருமையைச் சொல்லி ஆவினுக்கோ நந்தினிக்கோ மேலே அமுல் நிற்க முடியாது. அவையும் விவசாயிகளின் கூட்டுறவுகள்தான்.