பெட்டிக்குள் சுருண்ட நல்ல படங்கள்

தமிழின் முதற் பேசும் படம் நாம் வாழும் இந்த நகரத்தில்தான் எடுக்கப்பட்டது என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ தெரியவில்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் சென்னையில் திரையிடப்பட்ட ‘காளிதாஸ்’, அர்தேஷிர் இரானியின் பம்பாய்ப் படப்பிடிப்பு நிலையத்தில் உருவானது. எச்.எம். ரெட்டி அதை இயக்கினார், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகியாக நடித்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய அந்த விசித்திரப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

இல்லாத படத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. ஆனால் இருக்கின்ற படங்களையும் நாம் பார்க்கவில்லையே என்பதுதான் என் குறை. மாதுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, விநியோகஸ்தர் எதைக் கொண்டுவந்தாரோ அதுதான் படம். சென்னையில் ஓடாத படத்தை ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவர எவருக்குத் துணிவு வரும்? ஆகவே அங்கே பெட்டிக்குள் சுருண்டவை இங்கே பெயரளவிலும் எட்டவில்லை. இன்று அந்தத் தடை நீங்கிவிட்டது. இணையத்தில் தேடினால் அவற்றிற் பல கிடைக்கின்றன. ஆயினும் பொங்கல் விழாவிலும் சரி, வீட்டுக் கூடத்திலும் சரி, முன்பே வெற்றி பெற்றவற்றையே மீண்டும் மீண்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்க மாட்டார்கள். ஜெயகாந்தனையும் இந்திரா பார்த்தசாரதியையும் அவர்கள் புத்தகத்தில் சந்திக்கப் போவதில்லை. சந்தித்தால் திரையிலேதான் சந்திக்க வேண்டும். அதை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

காட்கோபர்வாசிகள் முதலிற் பார்க்க வேண்டியது பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). சென்னையில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, வயது முதிர்ந்த தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் வசிக்கிறாள். வீட்டைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். வாடகைக்கு வீடு தேடிச் சலித்த பின், தாத்தாவுக்குச் சொந்தமான சிறு மனையில் தாங்களே ஒரு வீடு கட்டிக்கொள்வது என்று முடிவாகிறது. கதை இவ்வளவே. அலுவலகக் கடன், நகை, அனுமதிக்காக ஏறி இறங்கும் படிகள், சிமெண்டு மூட்டையில் கை வைக்கும் காண்டிராக்டர் என்று படம் நகர நகர, பார்ப்பவர் மடியிலேயே செங்கல்லை அடுக்குவதுபோல் இருக்கும். காமராஜ் நகரிலும் ரமாபாய் நகரிலும் குடிசை மாற்றுத் திட்டத்திற்காக ரேஷன் கார்டையும் பழைய ரசீதுகளையும் பிளாஸ்டிக் பையில் சுமந்து அலைந்தவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். எனினும் என் மனத்தில் நிற்பவர் தாத்தாவாக வந்த பழம்பெரும் நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதரே. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் வெயிலில் தனியே புறப்பட்டுச் செல்லும் காட்சி ஒன்று இருக்கிறது. வசனம் ஏதுமில்லை, சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அவ்வளவுதான். படத்தில் பாட்டும் இல்லை. இளையராஜா முன்னரே வெளியிட்டிருந்த இசைத் தொகுப்பொன்றிலிருந்து எடுத்த இசையே பின்னணியில் ஒலிக்கிறது. காண்டிராக்டரின் களவை அம்பலப்படுத்தும் சித்தாள் மங்கம்மாவாக நடித்த பசி சத்யாவையும் கவனித்துப் பாருங்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று பேசுகிற அந்தத் தைரியத்தை நம் சாலிகளில் நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

பாலு மகேந்திரா, இலங்கை மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்தவர். சிறு வயதில் தம் வீடு கட்டப்பட்டபோது, சிரித்த முகத்தோடு இருந்த தாயார் எவ்வாறு மாறிப்போனார் என்ற நினைவே இப்படத்திற்கு வித்து என்று அவர் கூறியிருக்கிறார். பிற்காலத்தில் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ முதலிய தம் படங்களின் மூல நெகட்டிவ்கள் இல்லாமற் போனதையும் சொல்லி வருந்தினார். அவர் 2014-இல் காலமானார். ‘காளிதாஸ்’ போன வழியில் ‘வீடு’ம் போய்விடவில்லை என்று நாம் மகிழலாம்; ஆனால் கிடைப்பவை மங்கிய பிரதிகளே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தோடு இரவு உணவுக்குப் பின் பார்க்க விரும்புவோர் ‘அந்த நாள்’ (1954) படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டில்லாத தமிழ்ப் படம் என்பதை மக்கள் நினைத்தும் பாராத காலத்தில், ஏவி.எம். நிறுவனத்திற்காக வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. வீணை வித்துவான் ஒருவர் ஒரு பாடலும் இல்லாமற் படம் எடுத்தார் என்பதே ஒரு வேடிக்கை! 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையிற் குண்டு வீசிய நேரத்தில் கதை தொடங்குகிறது. கதாநாயகன் சிவாஜி கணேசன் முதற் காட்சியிலேயே சுடப்பட்டு வீழ்ந்து விடுகிறார். கொன்றவர் யார் என்பதை மனைவி, தம்பி, அடுத்த வீட்டுக்காரர் என ஒவ்வொருவர் வாய்மொழியாகவும் துப்பறிகிறது படம். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதல் அதில் தெரிகிறது. ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார்; மனைவியாக நடித்தவர் பண்டரிபாய். பாட்டை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் ஏமாற்றமடைந்தனர், படம் தோற்றது. கொலையாளி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் நடுவில் கைப்பேசியை எடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

தாராவியில் உறவினர் உள்ளவர்களுக்கு ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) பற்றிக் கூறாமலிருக்க முடியாது. ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கினார். சேரியில் ஒரு சிறுவன், கூலி வேலை செய்யும் அவன் தாய், அவள் வாழ்வில் வரும் கிளி ஜோசியக்காரன் என்று மூன்றே பேரைச் சுற்றிய கதை. வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். சத்யஜித் ராயின் ‘சாருலதா’ தங்கப் பதக்கம் பெற்ற அதே ஆண்டுத் தேசிய விருதுகளில், இப்படம் மூன்றாவது சிறந்த படத்திற்கான நற்சான்றிதழைப் பெற்றது. சேரி மக்களைப் பார்த்து இரங்காமலும் சிரிக்காமலும், அவர்களுடைய மானத்தையும் பிடிவாதத்தையும் எழுதியவர் ஜெயகாந்தன். தேடும்போது ஓர் எச்சரிக்கை: 2009-இல் கமல்ஹாசன் நடித்து இதே பெயரில் வந்தது வேறு படம், முதலில் அதுதான் கண்ணிற் படும். பழையது எளிதிற் கிடைப்பதில்லை. நாவலை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் வாய்விட்டு வாசித்தாலும் போதும்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கே. ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’ (1982), சிமெண்டு ஆலையின் தூசியில் அல்லலுறும் சிற்றூரின் கதை. ரகுவரன் அறிமுகமானது இதில்தான். பாடல்கள் யாவும் பாரதியாருடையவை, எல். வைத்தியநாதன் இசை. விஜய் தெண்டுல்கரின் நாடகத்தைத் தழுவிய ‘காஷீராம் கோத்வால்’ (1976) என்னும் மராத்திப் படத்தின் இயக்குநர்களில் ஒருவர் ஹரிஹரன் என்பதை மராத்தி நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மற்றொன்று கே.எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’. 1990-ஆம் ஆண்டின் சிறந்த இந்தியப் படமாகத் தங்கத் தாமரை விருது பெற்றது. தமிழுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’ குறுநாவலே மூலம். தந்தை நோயுற்றார் என்று கேட்டு டில்லியிலிருந்து ஊர் திரும்பும் மகனின் கதை இது; தந்தையாகச் சிவகுமார் நடித்தார். வெளியூரிற் பிழைப்பவர்கள் அந்த வீட்டு வாசலில் ஒரு கணம் தயங்கி நிற்கத்தான் செய்வார்கள். மெதுவாகச் செல்லும் படம், சிறுவர்களுக்கு ஏற்காது.

புதியவற்றில் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) எல்லாவற்றிற்கும் மேலாக வைப்பேன். விஜய் சேதுபதி தயாரித்தார், ஆனால் நடிக்கவில்லை. பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாதபடியால் கூட்டம் கூடவில்லை போலும். தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்று ஆசை. முன்பாதி முழுவதும் மலையேறுவதும் இறங்குவதுமாகவே செல்கிறது. டீக்கடை, சுமைகூலிக் கிழவர், சங்கத் தோழர் என்று ஆட்கள் வந்து போகிறார்கள். இதில் கதை எங்கே என்று பொறுமை இழப்பவர்கள் உண்டு. இடைவேளைக்குப் பின் நிலம், விதை, உரம், கடன் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கையில்தான் முன்பாதியின் அருமை விளங்குகிறது. ஒரு மனிதன் ஊரை விட்டு ஏன் ரயில் ஏறுகிறான் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு தமிழ்ப் படம் எனக்குத் தெரியாது. ரங்கசாமி ரயில் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம்.

சங்க மண்டபத்தில் திரையிடுவதானால் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். செயற்குழுவினர் இதை இப்போதே தொடங்கினால் பொங்கலுக்கு ஆகும். எனக்குக் கேட்டால் ‘வீடு’ ஒரு மாலை, ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ மற்றொரு மாலை என்பேன். பின்னதில் மலைநாட்டுப் பேச்சு பிள்ளைகளுக்கு உடனே பிடிபடாது. கம்பம், போடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை முன்வரிசையில் உட்கார வைத்து, அவ்வப்போது படத்தை நிறுத்திச் சொல்லச் சொல்லலாம்.