லினக்ஸ் கணினியில் விண்டோஸ் வடிவமைப்பு மென்பொருள்

பாலம், மதகு, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி ஆகிய எதனை எழுப்புவதாயினும், முதலில் வேண்டுவது அளவு பிசகாத வரைபடம். முன்னாளில் டீ-ஸ்கொயரும் காம்பஸும் கொண்டு தாளில் வரையப்பெற்ற இப்படங்கள் இன்று கணினியில் தயாராகின்றன. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் முதலிய மென்பொருள்கள் இத்துறையில் பெரிதும் பரவியுள்ளன. அவற்றுட் பல, விண்டோஸ் என்னும் இயக்க முறைமைக்கென்றே ஆக்கப்பட்டவை.

விண்டோஸ் 10 பதிப்புக்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. பழுதில்லாத யந்திரத்தை ஒதுக்கிவிட மனமில்லாதோர் லினக்ஸை நாடுகின்றனர். பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இம்முறைமையை விலையின்றிப் பெறலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. ஆயின், ஆண்டுக்கணக்கில் சேர்ந்துள்ள வரைபடங்களையும் பழகிய மென்பொருளையும் கைவிடத்தான் வேண்டுமோ என்னும் வினா எழுகின்றது.

துபாஷியாக நிற்கும் வைன்

எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதில்லை. கோப்பைத் திறக்கவும், திரையில் கோடு காட்டவும், அச்சிடவும் அது இயக்க முறைமையின் உதவியைக் கோருகின்றது. விண்டோஸ் மென்பொருள் கோரும் முறை லினக்ஸுக்கு விளங்காது. 1993-இல் தொடங்கப்பெற்ற ‘வைன்’ என்னும் மென்பொருள் இவ்விரண்டுக்குமிடையே துபாஷியாக நின்று, ஒவ்வொரு கோரிக்கையையும் லினக்ஸுக்கு விளங்கும் வகையில் மாற்றித் தருகின்றது. இப்பணி எளிதன்று, வைனின் 1.0 பதிப்பு வெளிவர 2008 வரை, அதாவது பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

வைன் விண்டோஸின் நகலன்று. எனவே அதனை இயக்க விண்டோஸ் உரிமம் வேண்டுவதில்லை. எனினும் வடிவமைப்பு மென்பொருளுக்குரிய உரிமம் வேண்டும். வைன் தனக்கென ஒரு கோப்புறையை அமைத்து, அதனை மென்பொருளுக்கு ‘சி’ வட்டாகக் காட்டுகின்றது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிக் கோப்புறை அமைப்பது நலம். ஒன்றின் கோளாறு மற்றொன்றைப் பாதிக்காது. ஆனால் இக்கோப்புறை பாதுகாப்பு அரணன்று. விண்டோஸ் வைரஸ் வைன் வழியாகப் பயனாளரின் ஏனைய கோப்புகளையும் எட்டக்கூடும். ஆகவே நிர்வாகி உரிமையுடன் வைனை இயக்குதல் கூடாது.

துபாஷிக்கு எட்டாதவை

எல்லா மென்பொருளும் வைனில் ஒருங்கே இயங்குமென எதிர்பார்த்தல் தவறு. பழைய, சிறிய மென்பொருள்கள் பெரும்பாலும் எளிதில் இயங்குகின்றன. பெரிய வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளோ நிறுவும்போதோ உரிமம் சரிபார்க்கும்போதோ நின்றுவிடக்கூடும். யு.எஸ்.பி. சாவி செருகினால்தான் திறப்பவையும் பொதுவாகத் தொல்லை தரும். எம்மென்பொருள் எவ்வளவு நன்றாக இயங்கும் என்பதை, வைன் திட்டத்தார் பராமரிக்கும் பட்டியலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

வைன் உதவாதவிடத்து ‘மெய்நிகர் கணினி’ உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற சாதனத்தால், லினக்ஸுக்குள்ளேயே மற்றொரு கணினியை அமைத்து, அதில் உண்மையான விண்டோஸை நிறுவலாம். யு.எஸ்.பி. சாவியையும் அதனுடன் இணைக்கலாம். ஆனால் விண்டோஸ் உரிமம் வேண்டும். நினைவகம் இரு முறைமைகளுக்கும் பங்கிடப்படும். முப்பரிமாணப் படங்கள் மெதுவாக நகரும். இருபரிமாணப் படங்களுக்கு லிப்ரேகேட், முப்பரிமாணப் படங்களுக்கு ஃப்ரீகேட் என லினக்ஸிலேயே இயங்கும் இலவச மென்பொருள்களும் உள்ளன. புதிதாய்க் கற்கும் மாணவர்க்கு இவை பெரிதும் ஏற்றவை.

அளந்த பின் நம்புக

மென்பொருள் திறந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. வரைபடத்துக்குரிய எழுத்துரு கணினியில் இல்லையெனில், வேறோர் எழுத்துரு அவ்விடத்தை நிரப்பும். அளவுக் குறிப்புகள் இடம் பெயரும், சில குறியீடுகள் மறையவும் கூடும். அச்சில் அளவுவிகிதம் சிறிது மாறினால், தாளில் அடிக்கோல் வைத்து அளப்பவர் தவறான நீளத்தையே பெறுவார். குழாயும் கம்பியும் அவ்வளவுக்கே வெட்டப்பட்டால் நஷ்டம் பொதுப்பணத்துக்கே.

இதனைத் தவிர்க்க எளிய சோதனையொன்று உண்டு. பக்கம் 100 மில்லிமீட்டர் உள்ள சதுரமொன்றை வரைந்து, முழு அளவில் அச்சிட்டு, நான்கு பக்கங்களையும் அடிக்கோலால் அளக்க வேண்டும். 98 அல்லது 97 காட்டினால், அச்சு அமைப்பில் ‘தாளுக்கேற்பச் சுருக்குக’ என்பது இயங்குகிறதா எனப் பார்த்துத் திருத்துதல் வேண்டும். பின்னர்ப் பழைய வரைபடமொன்றைத் திறந்து, முன்பு அச்சிட்ட படியுடன் ஒப்பிட வேண்டும். வகுப்பறையில் மாணவர்களே இதனைச் செய்து பார்க்கலாம். அளவுவிகிதம் என்னும் பாடமும் அதனால் நன்கு விளங்கும்.

விண்டோஸ் கணினி இன்னும் கைவசமுள்ள அலுவலகங்கள் மற்றொன்றையும் தாமதமின்றிச் செய்தல் நலம். டி.டபிள்யூ.ஜி. கோப்பின் உள்ளமைப்பை அதன் உரிமையாளர் வெளியிடவில்லை, டி.எக்ஸ்.எஃப். வடிவத்தின் அமைப்போ வெளியிடப்பட்டது. ஆகவே முக்கியமான ஒவ்வொரு படத்தையும் டி.எக்ஸ்.எஃப். கோப்பாகவும், பார்வைக்கென பி.டி.எஃப். கோப்பாகவும் சேமித்து வைக்க வேண்டும். கணினியும் மென்பொருளும் மாறிக்கொண்டேயிருக்கும். அவற்றால் எழுந்த பாலத்தையும் தொட்டியையும் பழுதுபார்க்க, பல ஆண்டுகள் கழிந்தும் அவ்வரைபடம் தேவைப்படும்.