மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நம்மூரில் முதல் பேச்சே, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்" என்பதுதான். ஊசியும் டியூபும் இருந்தால்தான் அது வைத்தியம் என்று நம்புகிறோம். 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமுக்குப் போன டாக்டர் திலீப் மஹலனாபிஸும் சலைன் பாட்டில்களோடுதான் போனார். வங்கதேசப் போருக்குத் தப்பி வந்தவர்களிடையே காலரா பரவியிருந்தது. மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் தரையெல்லாம் நோயாளிகள். வாந்திக்கும் பேதிக்கும் நடுவே முழங்காலிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும். அதற்குப் பழகிய கைகள் குறைவு. சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது.

உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் போடச் சொன்னார் மஹலனாபிஸ். பிளாஸ்டிக் பைகளின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். டிரம்மில் கரைத்து, கூட வந்த உறவுக்காரர்களிடமே டம்ளரைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். ஜனங்கள் நம்ப வேண்டுமே! அதனால் 'வாயால் குடிக்கும் சலைன்' என்று பெயர் வைத்தார். முகாமில் காலரா நோயாளிகளில் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அது 3.6 ஆனது.

இதில் மாயம் எதுவும் இல்லை. காலரா நஞ்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கும்போது வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ போதிய அளவு உள்ளே ஏறுவதில்லை. ஆனால் குடல் சுவரில் ஜோடியாக வந்தால் மட்டுமே திறக்கும் கதவு ஒன்று உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் கதவாக இருக்கும் புரதம் இரண்டையும் உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா இந்தக் கதவைக் கெடுப்பதில்லை. 1960இல் இந்த ஜோடிக் கதவைப் பற்றி எடுத்துச் சொன்னவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். ஆக, சர்க்கரை தெம்புக்காக அல்ல, உப்பைக் கூட்டிப் போவதற்காக. அது அளவு மீறினால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும்.

அளவுதான் உயிர் என்பதை வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் நன்றாகப் புரிந்துகொண்டது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் இந்தக் கரைசலைச் சொல்லிக் கொடுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கரைத்துக் காட்ட வேண்டும். பிறகு வேறொருவர் வந்து, சில வீடுகளில் தாய்மார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதிப்பார். அதைப் பொறுத்துத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம்! நம் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒரு விதி வந்தால் என்ன ஆகும் என்று தோன்றாமல் இல்லை.

இன்றைய ஓஆர்எஸ் பொட்டலம் அந்தக் கரைசலின் செம்மையான வடிவம். ஆனால் நம்மூர்க் கடையில் ஓஆர்எஸ் என்ற பெயரோடு இனிப்புப் பானங்களும் விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. வெகுநாள் தாமதம்.

வீட்டில் இரண்டு பொட்டலம் வாங்கி வையுங்கள். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள்; பாதியைக் கொட்டிக் குத்துமதிப்பாகக் கலக்க வேண்டாம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வழியிலும் புகட்டுவதை நிறுத்தாதீர்கள்.