தூசி உறிஞ்சியும் இழுப்பு நோயும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'சுத்தம் சோறு போடும்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் சுத்தம் செய்யும் வேலையே ஒருவருக்கு மூச்சை அடைக்குமானால் என்ன செய்வது? ஆஸ்துமா என்று மருத்துவர்களும், இழுப்பு என்று நம் வீட்டாரும் கூறும் நோய் உள்ள இல்லங்களில் நாள்தோறும் எழும் வினா இது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தூசியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சி.டி.எச். சாலையில் ஓடும் லாரிகளும், தொழிற்பேட்டைப் பட்டறைகளும், தெருத்தோறும் எழும் கட்டடங்களும் காலையில் பெருக்கிய தரையை மாலைக்குள் மீண்டும் மூடிவிடுகின்றன.

என் தாயாருக்குப் பல ஆண்டுகளாக இழுப்பு உண்டு. வீட்டைப் பெருக்குபவரும் அவரே. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் தந்தையார், வாக்குவம் கிளீனரைத் தவணையில் தருவதாகக் கூறும் ஆங்கில விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டு வந்து, "நீதாம்பா படிக்கிற. இது அம்மாவுக்கு ஒத்துவருமான்னு பாத்துச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்காக நான் தேடிப் படித்தவற்றை நண்பர்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

தூசி என்பது யாது?

வீட்டுத் தூசி வெறும் மண் அன்று. துணிநூல், உதிர்ந்த தோல் செதில், கரப்பான் பூச்சியின் கழிவு, பூஞ்சண வித்து ஆகியன அதில் உண்டு. இவற்றோடு தூசி உண்ணி என்னும் எட்டுக்கால் சிற்றுயிரும் வாழ்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மெத்தையும் தலையணையும் அதன் வீடு; நம் உடலிலிருந்து உதிரும் தோலே அதன் உணவு. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இது முக்கியக் காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் நாட்கணக்கில் 50 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் அது பிழைப்பது கடினம். நம் சென்னையில் அப்படிப்பட்ட வறட்சி அரிது.

நோயைத் தூண்டுவது பெரும்பாலும் உண்ணியின் எச்சத்திலுள்ள புரதமாகும். எச்சத்துகள் ஒன்றின் அளவு சுமார் 20 மைக்ரான்; தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். துடைப்பம் பட்டவுடன் இத்துகள்கள் மேலெழுந்து, சிறிது நேரம் மிதந்து, மீண்டும் படிகின்றன. அந்த நேரத்தில் குனிந்து பெருக்குபவரின் மூக்கு அவற்றுக்கு மிக அருகில் இருக்கிறது!

இயந்திரம் பிறந்த கதை

1901ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹூபர்ட் செசில் பூத் என்பவர் உருவாக்கிய உறிஞ்சும் இயந்திரம் குதிரை வண்டியில் வைத்து இழுத்துச் செல்லும் அளவுக்குப் பெரியது. அதனை ஒருவர் கையாளும் அளவுக்குச் சுருக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு துப்புரவுப் பணியாளர் என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரில், கடை ஒன்றைக் கூட்டிப் பெருக்கி வந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர் ஓர் ஆஸ்துமா நோயாளி. தம் வேலையில் எழுந்த தூசி தம்மையே வருத்தவே, மின்விசிறியின் மோட்டார், பெட்டி, துடைப்பக் கழி ஆகியவற்றோடு ஒரு தலையணை உறையையும் பொருத்தி இயந்திரம் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை வாங்கிய ஹூவர் என்பாரின் பெயரே பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1982இல் தொடங்கப்பெற்ற யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம், இவ்வகை இயந்திரங்களை வீடு வீடாகச் சென்று இயக்கிக் காட்டி விற்றது.

வடிகட்டியே உயிர்

இயந்திரத்தினுள் சுழலும் விசிறி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்று தூசியோடு உள்ளே பாய்கிறது. உள்ளே போன காற்று அவ்வளவும் மறுபக்கம் வெளியேறியாக வேண்டும். ஸ்பேங்ளரின் தலையணை உறை குப்பையைத் தடுத்திருக்கும். துணியின் இழைகளிடையே நுண்துகள் தப்பிவிடும். ஆகவே இழுப்பு உள்ள வீட்டார் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எவ்வளவு உறிஞ்சும்?' என்பதன்று; 'எதை வெளியே விடும்?' என்பதே.

இதற்கு விடையாக அமைந்தது ஹெப்பா வடிகட்டி. 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காக இவ்வகை வடிகட்டிகள் உருவாயின. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுப்பது இதன் அமெரிக்க இலக்கணம். அதாவது 10,000 துகள்களில் மூன்றே தப்பலாம். அது சல்லடை போலத் துளையின் அளவால் மட்டும் வேலை செய்வதில்லை. பெரிய துகள்கள் வளைந்து செல்ல இயலாமல் இழையில் மோதுகின்றன. மிகச் சிறியவை, நாம் வகுப்பில் படித்த பிரௌனியன் இயக்கத்தால் தடுமாறி இழையில் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவே பிடிக்கக் கடினமானது. ஆகையால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. 'ஹெப்பா போன்றது' என்ற சொல்லை நம்பலாகாது. எச்13 போன்ற தரக்குறி உண்டா என்று பார்க்க வேண்டும்.

2. மூடிகளும் இணைப்புகளும் காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். இடுக்கு வழியே காற்று கசிந்தால் நல்ல வடிகட்டி இருந்தும் பயனில்லை. இருட்டறையில் இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று வெளியேறும் இடத்தில் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். டிண்டால் விளைவால் தூசி மின்னினால் அந்த இயந்திரம் வேண்டா.

3. வாட் என்பது அது தின்னும் மின்சாரம், செய்யும் வேலையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டு இயந்திரங்களுக்கு 900 வாட் என வரம்பிட்டது. அதற்குள்ளேயே நன்றாகச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் அங்கே விற்கின்றன.

4. தூசியைப் பையோடு எறிந்துவிடும் வகை ஒவ்வாமை உள்ளோர்க்கு நல்லது. கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டும் வகையில், பிடித்த தூசி மீண்டும் முகத்தில் எழும். ஆனால் பையும் மாற்று வடிகட்டியும் தொடர்செலவு. அவை நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்றும் கேட்டறிக.

இயந்திரத்தால் ஆகாதவை

மெத்தையின் மேற்பரப்பிலுள்ள தூசியை இயந்திரம் எடுக்கும். ஆழத்தில் பஞ்சைப் பற்றியிருக்கும் உண்ணியை எடுக்காது. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அது மடியும். எச்சமும் நீரோடு போகும். கம்பள விரிப்பு நிறைந்த மேனாட்டு வீட்டிற்கு இயந்திரம் இன்றியமையாதது. சிமெண்டுத் தரையும் மொசைக்கும் உள்ள நம் வீட்டிலோ, ஈரத்துணியே தூசியை எழுப்பாமல் எடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூசியைக் குறைப்பது மட்டும் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தாது. மருத்துவர் தரும் இன்ஹேலர் மருந்தின் இடத்தை எந்த இயந்திரமும் பிடிக்க முடியாது.

தந்தையார் தந்த தாளில் வாட் அளவு பெரிய எழுத்தில் இருந்தது; வடிகட்டியின் தரம் எங்கும் இல்லை. 'இந்த இயந்திரம் வேண்டாம். முதலில் அம்மாவின் மருந்து தடைபடாமல் பார்ப்போம். தலையணைக்கு நெருக்கமாக நெய்த உறை வாங்குவோம். பணம் சேர்ந்தபின் நல்ல வடிகட்டி உள்ளதைப் பார்ப்போம்' என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டில் ஈரத்துணி போடுவது என் வேலை.

முடிவுரை

இழுப்பு உள்ளவரே துடைப்பம் ஏந்தும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. வேலையைத் தாமே செய்தாக வேண்டிய நிலையில் ஸ்பேங்ளர் ஓர் இயந்திரத்தைக் கண்டார். நம் வீட்டில் வேலையை வாங்கிக்கொள்ளக் கைகள் இருக்கின்றன. மாணவ நண்பர்களே, விளம்பரத் தாளைப் படித்துச் சொல்வதற்கு மட்டுமா நம்மைப் படிக்க வைத்தார்கள்? துடைப்பத்தையும் ஈரத்துணியையும் நாம் கையில் எடுப்போம். அதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.