பாட்டியின் வாட்சில் விமானச் சீட்டு

கம்பம் பள்ளத்தாக்கில் விமான நிலையம் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பும் கம்பத்துப் பாட்டி ஒருவர், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி எல்லாம் தாண்டி மதுரைக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். அவர் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். அதற்கான பயணச் செயலியை நீங்கள்தான் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் எதைக் காட்டுவீர்கள்?

விமான எண், இருக்கை எண், பெட்டியின் எடை என்று எல்லாவற்றையும் அடைத்தால் எதுவும் கண்ணில் படாது. பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது பாட்டிக்கு வேண்டியது ஒரே பதில்: செக்-இன் கவுன்ட்டர் மூட இன்னும் எவ்வளவு நேரம்? விமானம் புறப்படும் நேரத்தைப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். உள்ளே போய்விட்டால் கேள்வி மாறும்: எந்த கேட்? அங்கே நீட்டும்போது சீட்டின் குறியீடு மட்டும் போதும். நல்ல செயலி இடத்துக்கு ஏற்றபடி தானே மாறிக்கொள்ளும்.

அந்தக் குறியீட்டில்தான் அழகான கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. காகிதச் சீட்டில் இருப்பது நீளமான பட்டை. வாட்சில் அது அடங்காது. சதுரக் குறியீடுதான் வேண்டும். வாட்சின் திரை வட்டமானது என்று வைத்துக்கொண்டு, மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்று வரைந்து, அதற்குள் முடிந்தவரை பெரிய சதுரம் போட்டுப் பாருங்கள். பக்கம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும். வட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீண்!

கடைகளில் பணம் கட்டப் பயன்படும் கியூஆர் குறியீட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். அப்போதுதான் கருவி அதன் மூலைகளைக் கண்டுபிடிக்கும். 1995-இல் ஆண்ட்ரூ லாங்ஏக்கர், ராபர்ட் ஹஸ்ஸி இருவரும் உருவாக்கிய ஆஸ்டெக் குறியீட்டுக்கு அந்த வெற்றிடம் தேவையில்லை. அதன் அடையாளம் நடுவில் இருக்கிறது, சதுரத்துக்குள் சதுரமாக. கருவி முதலில் நடுவைப் பிடித்து, பிறகு அதைச் சுற்றியுள்ள கட்டங்களைப் படிக்கும். சின்னத் திரைக்கு இது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! (வெளிநாடு போகிறவர்களிடம் பல இடங்களில் காகிதச் சீட்டும் கேட்பார்கள், பாட்டி அதையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.)

அடுத்தது நேரம். மதுரையில் இரவு 11 மணிக்கு ஏறி நான்கு மணி நேரம் பறந்தால், நம் ஊர்க் கணக்கில் அதிகாலை 3. ஆனால் சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே அப்போது 5.30! சீட்டில் புறப்படும் நேரம் மதுரைக் கணக்கிலும், இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கணக்கிலும்தான் அச்சாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு நேரத்தோடும் அது எந்த ஊர் நேரம் என்பதையும் செயலி சேர்த்தே சேமிக்க வேண்டும். பறக்கும்போது இணையம் இல்லாமல் போகலாம். கிளம்பும் முன்பே எல்லாம் வாட்சுக்குள் வந்திருக்க வேண்டும்.

கணினி இல்லாமலே இன்று தொடங்கலாம். அந்த மூன்றரை சென்டிமீட்டர் அளவுக்கே வட்டக் காகிதம் வெட்டி, "கேட் 2" என்று தமிழில் எழுதுங்கள். எழுத்து சிறுத்தால் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உங்கள் பாட்டியிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் எழுத்தைப் பெரிதாக்கி இன்னொரு வட்டம் வெட்டுங்கள்.